வாழ்நாள் உத்தரவாதம் உள்ள ஸ்பேனரை வாங்கும் முன்

நியூ ஜெர்சியில் ஒரு கருவிக் கடையில், பழுதான கருவிகளை மாற்றித் தரும் கவுண்டரில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். உடைந்த ஸ்பேனரையும் பல் தேய்ந்த ராட்செட்டையும் (ஒரு திசையில் மட்டும் பிடித்துத் திருப்பும் பல்சக்கரக் கைப்பிடி) கையில் ஏந்தி வருகிறவர்களில், அண்மையில் சொந்த வீடு வாங்கி முதன்முறையாகக் கருவிப் பெட்டியும் வாங்கிய தமிழ்க் குடும்பத்தினரும் பலர். பெட்டியின் மேல் ‘லைஃப்டைம் வாரண்டி’ என்று அச்சிட்டிருப்பதை நம்பி வந்து வெறுங்கையோடு திரும்புகிறவர்களைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது. வாங்கிய அன்றே இரண்டு நிமிடம் செலவிட்டுப் படித்திருந்தால் அந்த ஏமாற்றத்தில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, அது யாருடைய வாழ்நாள் என்பது. சில நிறுவனங்கள் கருவியின் பயன்பாட்டுக் காலத்தையும், வேறு சில முதலில் வாங்கியவரிடம் அது இருக்கும் காலத்தையும் குறிக்கின்றன. பின்னது என்றால், அண்டை வீட்டார் பழைய பொருள் விற்பனையில் தந்த ஸ்பேனருக்கு உங்களால் உரிமை கோர இயலாது. அமெரிக்காவில் 1975-இல் இயற்றப்பட்ட மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தின்படி, 10 டாலருக்கு மேற்பட்ட நுகர்பொருளின் எழுத்து வாரண்டி ‘ஃபுல்’ (முழு) வகையா ‘லிமிடெட்’ (வரம்புக்குட்பட்ட) வகையா என்று குறிப்பிடப்பட வேண்டும். 15 டாலருக்கு மேற்பட்டதென்றால், வாங்குவதற்கு முன்பே அதன் முழு வாசகத்தையும் படிக்கக் கடை வழி செய்ய வேண்டும். கேட்டால் காட்டியாக வேண்டிய அந்த வாசகத்தை என்னிடம் கேட்டவர்கள் மிகச் சிலரே.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பெரியவர், மகனின் காருக்குச் சக்கரம் மாற்றும்போது பிளந்துபோன 19 மி.மீ. சாக்கெட்டை, அதாவது நட்டின் மேல் பொருத்தித் திருப்பும் குழல் போன்ற துண்டை, கொண்டுவந்தார். குரோம் பூசிய சாதாரண சாக்கெட்டை அவர், அடித்து அடித்துத் திருப்பும் இயந்திரமான இம்பாக்ட் ரெஞ்சில் மாட்டியிருந்தார். கையால் திருப்புவதற்கான சாக்கெட் கடினமான எஃகில் மெல்லிய சுவரோடு செய்யப்படுவதால், தொடர்ந்து விழும் அடியைத் தாங்காமல் வெடிக்கும். இம்பாக்டுக்கென்றே கருநிறத்தில், தடித்த சுவரோடு வேறு சாக்கெட்டுகள் விற்கப்படுகின்றன. முறையற்ற பயன்பாடு என்று சொல்லி மேலாளர் மறுத்துவிட்டார். பெட்டியின் முகப்பில் வாரண்டி பெரிய எழுத்திலும் இம்பாக்ட் ரெஞ்சில் மாட்டக் கூடாது என்ற எச்சரிக்கை பின்புறம் பொடி எழுத்திலும் இருந்ததால், அவருக்கு வந்த கோபம் நியாயமானது என்றே இன்றும் கருதுகிறேன். வெடித்த சாக்கெட்டின் சில்லு அவருடைய கண்ணில் தெறிக்காமல் போனது பெரும் நல்வினை. ஸ்பேனரின் பிடியில் நீண்ட குழாயைச் செருகித் திருப்புவதும், ஸ்க்ரூடிரைவரை உளிபோல் சுத்தியலால் அடிப்பதும் இவ்வாறே மறுப்புக்கு உள்ளாகும்.

குறித்த அளவு விசைக்கு இறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் பெரும்பாலும் வாழ்நாள் வாரண்டிக்குள் வராது. அதன் அளவுத் துல்லியம் பயன்படுத்தப் பயன்படுத்த மாறும். ஆண்டுக்கு ஒருமுறையோ 5,000 முறை இறுக்கிய பின்னரோ சரிபார்ப்பது வழக்கம். ரம்ப அலகு, அரம், அளவு நாடா போன்ற தேயும் பொருள்களையும் பல நிறுவனங்கள் விலக்கிவிடுகின்றன. ராட்செட் பழுதானால் புதியதற்குப் பதிலாக உள்ளே இருக்கும் பல்சக்கரத்தை மட்டும் மாற்றித் தருவதும் உண்டு. அது முறையான தீர்வுதான். தொலைந்துபோன சாக்கெட்டுக்கு எந்த வாரண்டியும் கிடையாது.

வாக்குறுதி தருகிறவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். கிராஃப்ட்ஸ்மேன் என்ற கருவி வணிகப்பெயரை அமெரிக்கச் சில்லறைக் கடை நிறுவனமான சியர்ஸ் 1927-இல் பெற்றது. உடைந்த கைக்கருவியைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தரும் கடை என்று தலைமுறைகள் அதை நம்பின. 2017-இல் அந்த வணிகப்பெயர் கருவி உற்பத்தி நிறுவனமான ஸ்டான்லி பிளாக் அண்டு டெக்கருக்கு விற்கப்பட்டது. 2018 அக்டோபரில் சியர்ஸ் திவால் பாதுகாப்பு கோரியது. கடைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது, பழைய ஸ்பேனரை வைத்திருந்தவர்கள் இனி எந்தக் கதவைத் தட்டுவது என்று புதிதாக விசாரிக்க வேண்டியதாயிற்று. ஆகவே, வாரண்டியை ஏற்பது கடையா, உற்பத்தியாளரா என்று வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

ரசீது வெப்ப அச்சுத் தாளில் வருவதால் சில ஆண்டுகளில் வெளிறிவிடும். வாங்கிய அன்றே அதையும் வாரண்டி வாசகத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கருவியில் பொறித்திருக்கும் எண்ணைத் தேய்த்து அழிக்காதீர்கள், பிடியைச் சாணை பிடித்து வடிவம் மாற்றாதீர்கள். கவுண்டரில் மறுத்தால், எந்த விதியின்படி மறுக்கிறார்கள் என்று அமைதியாகக் கேட்டு, கருவியின் எண்ணோடும் உடைந்த இடத்தின் படத்தோடும் உற்பத்தியாளருக்கு நேரடியாக எழுதுங்கள். எங்கள் கவுண்டரில் மறுக்கப்பட்ட சிலர் அவ்வாறு எழுதிப் புதிய கருவி பெற்றதாக என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார்கள்.