ரோஸ்ட் விருந்தில் சைவ விருந்தினர்: உருளைக்கிழங்கு எந்தக் கொழுப்பில் வெந்தது?

இங்கிலாந்தின் பப் சமையலறைகளில் வேலை பார்க்கும் என் போன்றவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் ரோஸ்ட்தான்: ஓவனில் வாட்டிய இறைச்சியோடு உருளைக்கிழங்கு, காய்கறி, கிரேவி எனப்படும் குழம்பு எல்லாம் வைக்கும் விருந்து. காலையிலேயே மாட்டிறைச்சியும் ஆட்டுக்காலும் ஓவனுக்குள் போய்விடும். பன்னிரண்டு மணிக்கு முதல் தட்டு வெளியே வரும். அதன் பிறகு நாலு மணி வரை தலைநிமிர நேரமிருக்காது. அந்த நெரிசலிலும் சைவத் தட்டு கேட்டுச் சீட்டு வராத ஞாயிறு கிடையாது. அவர்களுக்காக இந்த ஊர்ச் சமையல்காரர்கள் மெனக்கெடுவதில்லை என்று சொல்ல மாட்டேன். மெனக்கெடும் இடம்தான் மாறிப்போகிறது. இறைச்சித் துண்டு இருந்த இடத்தில் எதை வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தட்டின் மற்ற முக்கால் பாகம் எந்தக் கொழுப்பில் வெந்தது என்று திரும்பிப் பார்ப்பதில்லை.

இங்கே குடியேறிய நம் குடும்பங்கள் இப்போது இந்த மேசையின் இரு பக்கமும் உட்காருகின்றன. அலுவலக நண்பர் வீட்டு ரோஸ்டுக்கு அழைக்கப்படுகிறவர்கள் உண்டு. ஆங்கிலேய மருமகனோ மருமகளோ வந்த பிறகு வீட்டிலேயே கிறிஸ்துமஸ் ரோஸ்ட் செய்து, ஊரிலிருந்து வந்திருக்கும் சைவப் பெரியவர்களையும் அதே மேசையில் உட்கார வைக்கிறவர்களும் உண்டு. இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

உருளைக்கிழங்கில் தொடங்குவோம், ஏனென்றால் ஏமாற்றுவதில் அதற்குத்தான் முதலிடம். வெளியே மொறுமொறுப்பாகவும் உள்ளே மாவாகவும் பொன்னிறத்தில் வந்து நிற்கும் ரோஸ்ட் உருளைக்கிழங்கைப் பார்த்து யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஆனால் பழைய முறையில் அது டிரிப்பிங் எனப்படும் மாட்டுக் கொழுப்பில் வேகும். சில வீடுகளில் பன்றிக் கொழுப்பில். கிறிஸ்துமஸ் வந்துவிட்டால் கூஸ் வாத்தின் கொழுப்பு கண்ணாடிக் குப்பிகளில் சூப்பர் மார்க்கெட் அலமாரியை நிறைத்துவிடும். அதில் செய்வதுதான் உயர்வு என்று பெருமையாகவே சொல்வார்கள்.

ஒரு ஞாயிறு, மகனோடு சாப்பிட வந்திருந்த ஒரு மதுரைப் பெரியம்மா, பரிமாறிய பெண்ணிடம் ஏதோ கேட்க, அவள் குழம்பிப்போய் என்னைத் தேடி உள்ளே வந்தாள். நான் வெளியே போனேன். தமிழ் பேசுகிறவன் என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்தது. “தம்பி, இந்தக் கிழங்கை எந்த எண்ணெயில் பொரித்தீர்கள்?” என்றார். தட்டில் காய்கறி மட்டும்தானே இருக்கிறது என்று மகன் சங்கடப்பட்டுக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு வாத்துக் கொழுப்பு, சைவத் தட்டுகளுக்குத் தனித் தட்டில் எண்ணெய் என்று அன்று பிரித்து வைத்திருந்தோம். அதைச் சொன்ன பிறகுதான் முள்கரண்டியைக் கையில் எடுத்தார். தொழில்முறைச் சமையல்காரர்கள் பலருக்குத் தோன்றாத கேள்வி அது.

வீட்டில் செய்கிறவர்கள் இரண்டு தட்டு வைத்துக்கொண்டு அல்லாட வேண்டாம். மொத்தக் கிழங்கையும் எண்ணெயிலேயே செய்துவிடுங்கள். டிரிப்பிங்குக்கு ஒரு தனி ருசி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மொறுமொறுப்பு கொழுப்பிலிருந்து வருவதல்ல. மாரிஸ் பைப்பர் அல்லது கிங் எட்வர்ட் ரகக் கிழங்கை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம், ஓரங்கள் குழையத் தொடங்கும் வரை வேகவிடுங்கள். தண்ணீரை வடித்து, ஆவி முழுதும் போகும்படி வடிகட்டியிலேயே விடுங்கள். ஈரம் போன பிறகு மூடி போட்டுக் குலுக்கினால் மேல்பரப்பு சுரண்டியதுபோல் சொரசொரப்பாகும். அந்தச் சொரசொரப்புதான் பின்னால் மொறுமொறுப்பாகிறது. குலுக்கும்போது ஒரு கைப்பிடி ரவையைத் தூவுங்கள். ஆங்கிலேய வீடுகளிலும் பலர் செய்வதுதான் இது. இதற்கிடையே தட்டில் ரேப்சீட் எண்ணெயை ஊற்றி ஓவனில் நன்றாகக் காய வைத்திருக்க வேண்டும். கிழங்கைப் போட்டதும் சடசடவென்று சத்தம் வராவிட்டால் எண்ணெய் காயவில்லை என்று பொருள். 200 டிகிரியில் ஐம்பது நிமிடம், நடுவில் ஒன்றிரண்டு முறை திருப்பிவிட்டால் போதும். மாட்டுக் கொழுப்பு இல்லை என்று மேசையில் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.

யார்க்‌ஷயர் புட்டிங்கும் இதே கதைதான். பெயரில் புட்டிங் இருந்தாலும் இனிப்பல்ல; மாவும் முட்டையும் பாலும் கலந்து சுட்டு, ரோஸ்டோடு வைக்கும் உப்பிய பண்டம். 18ஆம் நூற்றாண்டில், நெருப்பின் முன் சுழலும் இறைச்சிக்கு அடியில் மாவுத் தட்டை வைத்து, சொட்டும் கொழுப்பிலேயே வேகவிட்டார்கள். இன்று அச்சுக் குழிகளில் கொழுப்பைக் காய்ச்சி மாவை ஊற்றுகிறார்கள். எண்ணெயிலும் அதே உயரத்துக்கு எழும்பும். ஆனால் முட்டை இல்லாமல் எழும்பாது. முட்டை விஷயத்துக்குப் பின்னால் வருகிறேன்.

கிரேவிதான் பெரிய வில்லங்கம். இறைச்சி வெந்த தட்டில் ஒட்டியிருக்கும் சாற்றையும் பொசுங்கலையும் சுரண்டிக் கரைத்துச் செய்வது அது. பார்த்துப் பார்த்துத் தனியாகச் சமைத்த சைவத் தட்டின் மேல், பழக்க தோஷத்தில் கடைசி நொடியில் அந்தக் கிரேவியை ஊற்றிவிடுகிற கைகளை நான் தடுத்திருக்கிறேன். வேடிக்கை என்னவென்றால், கைமணத்தோடு செய்த கிரேவியைவிடக் கடையில் விற்கும் கிரேவித் துகள் சைவமாக இருக்கலாம். பிஸ்டோவின் வழக்கமான சிவப்பு டப்பாத் துகள்களில் இறைச்சி கிடையாது. அதே நிறுவனத்தின் வேறு சில வகைகளில் உண்டு. டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

தனியாகச் செய்வதும் கடினமில்லை. வெங்காயம், கேரட், செலரி, காளான் இவற்றைத் தடித்த துண்டுகளாக்கி, எண்ணெயில் பிசறி, ஓரங்கள் கருகத் தொடங்கும் வரை ஓவனில் விடுங்கள். அவசரப்பட்டு வெளிறிய நிலையில் எடுத்தால் கிரேவி சப்பென்றிருக்கும். தட்டை அடுப்பில் வைத்து ஒரு கரண்டி மைதாவும் தக்காளி விழுதும் சேர்த்துக் கிளறி, காய்கறி வேகவைத்து வடித்த சாறு ஊற்றி, ஒட்டியிருப்பதையெல்லாம் சுரண்டிக் கொதிக்கவிடுங்கள். கடைசியில் ஒரு தேக்கரண்டி மார்மைட். ஈஸ்டிலிருந்து எடுக்கும் இந்தக் கரிய பசையை நம்மவர்கள் வாசனைக்குப் பயந்தே வாங்குவதில்லை. கிரேவியில் கரைந்த பிறகு அந்த வாசனை தெரியாது, இறைச்சிச் சாறு கொடுக்கிற ஆழம் மட்டும் நிற்கும். வடிகட்டி, மற்றதிலிருந்து தெளிவாக வேறுபடும் நிறமுள்ள குடுவையில் ஊற்றுங்கள். இரண்டு வெள்ளைக் குடுவைகள் அருகருகே இருந்தால் மாறிப்போவது நிச்சயம்.

மற்றக் காய்கறிகளில், குட்டி முட்டைக்கோஸ் போலிருக்கும் பிரஸ்ஸல்ஸ் ஸ்பிரவுட்டோடு பன்றி இறைச்சித் துணுக்குகளை வதக்கிச் சேர்ப்பது இங்கே வழக்கம். ரொட்டித்தூளும் மூலிகையும் பிசைந்து செய்யும் ஸ்டஃபிங்கில் சாசேஜ் இறைச்சி இருக்கலாம். சுவைக்காக ஊற்றும் வூஸ்டர் சாஸின் மூலச் செய்முறையில் நெத்திலி வகை மீன் உண்டு. சீஸ் போட்ட காலிஃபிளவரில் மேலே தூவுவது பார்மசான் என்றால் அதுவும் சைவமல்ல: பார்மிஜானோ ரெஜியானோ என்ற அதன் இத்தாலியப் பெயரில் விற்க வேண்டுமானால் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனெட்டைக் கொண்டுதான் பாலைத் திரிக்க வேண்டும் என்பது விதி. செடார் சீஸில் சைவ ரெனெட் பயன்படுத்தியவை தாராளமாகக் கிடைக்கின்றன. உறையிலேயே குறிப்பு இருக்கும்.

இதையெல்லாம் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பிரிட்டனில் உணவகங்கள் 14 ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிக் கட்டாயம் தகவல் தர வேண்டும். முட்டை, பால், மீன், கொட்டைகள், செலரி, கடுகு எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, ரெனெட் கிடையாது. சைவம் என்று எழுதிவிட்டு அசைவத்தைக் கொடுத்தால் அது குற்றம்; எதுவுமே எழுதாத உருளைக்கிழங்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ஆகவே நீங்களாகத்தான் கேட்க வேண்டும். முட்டை சாப்பிடாதவர்களுக்கு மட்டும் அந்தப் பட்டியல் நன்றாக உதவும். தயங்காமல் ஒவ்வாமைக் குறிப்பேட்டைக் கேளுங்கள். எல்லா உணவகத்திலும் ஏதாவது ஒரு வடிவில் வைத்திருப்பார்கள்.

முட்டை விஷயத்தில்தான் நம் வீட்டுச் சைவமும் இந்த நாட்டுச் சைவமும் பிரிகின்றன. 1847இல் ராம்ஸ்கேட்டில் தொடங்கிய வெஜிடேரியன் சொசைட்டி முட்டையையும் பாலையும் ஏற்றுக்கொள்கிறது. ஆங்கிலேய வீட்டுக்காரர்களின் கணக்கும் அதுதான். 1888இல் சட்டம் படிக்க லண்டன் வந்த காந்தியும் இந்தச் சிக்கலில் மாட்டியவர். கொஞ்ச காலம் முட்டை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, சத்தியம் வாங்கிய தாயின் கணக்கில் முட்டையும் இறைச்சியே என்று நிறுத்திக்கொண்டார். அதன்பின் சைவ உணவகத்திலேயே எந்தப் புட்டிங்கில், எந்தக் கேக்கில் முட்டை இருக்கிறது என்று விசாரிக்க வேண்டியிருந்தது என எழுதியிருக்கிறார். இன்றும் நிலைமை பெரிதாக மாறவில்லை. குவார்ன் போன்ற இறைச்சி மாற்றுகளில் பல வகைகளில் முட்டையின் வெள்ளைக்கரு இருக்கிறது.

அந்த மாற்றுப் பொருள்களைப் பற்றி என் அபிப்பிராயம் ஒன்று. இறைச்சியை விட்டுவிட்டவருக்கு அவை சரி. பிறந்ததிலிருந்தே சைவம் சாப்பிடுகிறவருக்கு, இறைச்சியைப் போலவே நாரும் மணமுமாக ஒன்றைப் பரிமாறுவது உபசாரமாகாது; பாதியில் வைத்துவிடுவார்கள். இறைச்சிக்குப் பதிலாகக் கொட்டைகளைப் பிசைந்து ரொட்டிபோல் சுடும் நட் ரோஸ்டை இங்கே கேலி செய்வார்கள், உலர்ந்த செங்கல் என்பார்கள். ஒழுங்காகச் செய்தால் நல்ல பண்டம் அது. ஆறு பேருக்கு இரண்டு வெங்காயமும் கால் கிலோ காளானும் நீர் வற்றும் வரை வதக்கி, வெந்த செஸ்ட்நட் 200 கிராம், வால்நட்டும் முந்திரியுமாக 150 கிராம், ரொட்டித்தூள் 100 கிராம், தைம், ஸேஜ் இலைகள் சேர்த்துப் பிசைய வேண்டும். முட்டைக்குப் பதில் ஒரு மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை மூன்று கரண்டித் தண்ணீரில் ஊற வைத்துச் சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். கலவை கையில் ஈரமாக ஒட்ட வேண்டும். உதிர்ந்தால் காய்கறிச் சாறு கொஞ்சம் விடுங்கள். செங்கல்லாவது இந்த இடத்தில்தான். ரொட்டி அச்சில் அழுத்தி 180 டிகிரியில் முக்கால் மணி நேரம். மேசையில் யாருக்காவது கொட்டை ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இருந்தால் முழு காலிஃபிளவரை மசாலா தடவி வாட்டிவிடலாம்.

நட் ரோஸ்டை இறைச்சிக்கு முன்னால், ஓவன் சுத்தமாக இருக்கும்போதே சுட்டு எடுத்துவிடுங்கள். வெந்த இறைச்சியை வெட்டுவதற்கு முன் அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். அந்த நேரத்தில் நட் ரோஸ்டை மூடி வைத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். இரண்டும் சேர்ந்து வேக வேண்டிய கட்டாயம் வந்தால் சைவம் மேல் தட்டில், இறைச்சி கீழே. மாறினால் சொட்டும், மேலே வைத்தாலும் விசிறி உள்ள ஓவனில் கொழுப்பு தெறிக்கும் என்பதால் தாளால் மூடுங்கள். இறைச்சியில் கத்தி படும் முன் சைவத் தட்டைப் பரிமாறிவிடுங்கள். கரண்டி தனி.

விருந்துக்குப் போகிறவர்களிடம் எனக்குள்ள குறை ஒன்றுதான். “சிரமப்படாதீர்கள், காய்கறி போதும்” என்று மரியாதைக்குச் சொல்லிவிடுகிறோம். கேட்பவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டு இறைச்சியை மட்டும் விலக்கிவிட்டு மற்றதை வைத்துவிடுவார். வாரத்தின் நடுவிலேயே, கடைக்குப் போகும் முன்பே சொல்லுங்கள்: முட்டை உண்டா இல்லையா, கொழுப்புக்குப் பதில் எண்ணெய் வேண்டும், கிரேவி தனியாக. வெங்காயம், பூண்டு சேர்க்காதவர் என்றால் அதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் மேலே சொன்ன கிரேவியே வெங்காயத்தில்தான் நிற்கிறது. கிறிஸ்துமஸ் மார்கழியில் வருவதால், வழக்கமாக இறைச்சி சாப்பிடும் விருந்தினரே ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கலாம் என்பதை அழைப்பவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக இனிப்பு. கேக், பழம், கஸ்டர்ட் என்று அடுக்கிச் செய்யும் டிரைஃபிளில் உள்ள ஜெல்லி பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது விலங்குகளின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. கிறிஸ்துமஸ் புட்டிங்கிலும், உலர்பழக் கலவை அடைத்த மின்ஸ் பையிலும் சூட் எனப்படும், மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கொழுப்பு இருக்கலாம்; 1893இலிருந்து சூட் விற்கும் அடோரா என்ற பிராண்டு இப்போது தாவரக் கொழுப்பு வகையையும் விற்கிறது, பாக்கெட்டைப் பார்த்து எடுங்கள். கஸ்டர்ட் என்றாலே முட்டை என்று பயப்படுபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்பவர் 1837இல், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காகச் சோள மாவில் செய்த கஸ்டர்ட் பொடிதான் இன்றும் அவர் பெயரிலேயே விற்கிறது. ஆப்பிள், மாவு, வெண்ணெய், சர்க்கரை மட்டுமே சேர்ந்த ஆப்பிள் கிரம்பிளின் மேல் அதைச் சூடாக ஊற்றினால், இனிப்புக்காவது இரண்டு பாத்திரம் வைக்க வேண்டியதில்லை.