பழுது பார்த்த லோரி ஏன் புகைச் சோதனையில் விழுகிறது?

சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நோசல் மாற்றியாகிவிட்டது, டீசல் பம்ப் ஓவர்ஹால் முடிந்தது, இழுவையும் திரும்பிவிட்டது. இருந்தும் வாகனச் சோதனை நிலையமான புஸ்பகோமுக்குப் போன லோரி புகைச் சோதனையில் விழுந்து திரும்புகிறது. மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் செம்பனைக் குலை ஏற்றும் பழைய டீசல் லோரிகளுக்கு இது அடிக்கடி நேர்கிறது. வணிக வாகனத்துக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு. விழுந்தால் குலை தோட்டத்திலேயே கிடக்கும். பெரும்பாலும் பிசகு மாற்றிய பாகத்தில் இருப்பதில்லை. கை வைக்காமல் விட்ட காற்றுப் பாதையிலும், புகைக்குழாயில் முன்பே படிந்த கரியிலும்தான் இருக்கிறது.

சோதனையில் லோரி நியூட்ரலில் நிற்கும். பெடலை ஒரே மிதியாக அடிவரை மிதித்து, என்ஜின் வேகம் எல்லை மீறாமல் தடுக்கும் கவர்னர் டீசலை வெட்டும்வரை பிடிப்பார்கள். வெளிவரும் புகை ஒரு குழாய்க்குள் போகும்; அதன் ஒரு முனையில் விளக்கு, மறுமுனையில் ஒளி உணரி. 430 மில்லிமீட்டர் புகையைக் கடக்கையில் எத்தனை சதவீத ஒளி மறிக்கப்படுகிறது என்பதுதான் ஹார்ட்ரிட்ஜ் அலகு. மலேசியாவில் வரம்பு 50. அதாவது பாதி ஒளிக்கு மேல் மறையக் கூடாது.

சுமையே இல்லாத லோரி ஏன் கரும்புகை தள்ளுகிறது? மிதித்த கணத்தில் பம்ப் முழு அளவு டீசலை அனுப்பிவிடும். ஆனால் என்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ, எக்ஸாஸ்ட் வாயு வந்து தள்ளினால்தான் சுழலும். அதனால் காற்று பின்தங்கி வருகிறது. ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய சுமார் 14.5 கிலோ காற்று போதும் என்கிறது வேதியியல். சிலிண்டருக்குள் இரண்டும் சரிவரக் கலக்க நேரமில்லாததால், நடைமுறையில் 18 கிலோவுக்குக் கீழே இறங்கினாலே கரி கிளம்பும். சோதனை அளப்பது இந்த ஓரிரு நொடிப் பற்றாக்குறையைத்தான். ஆகவே காற்றிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் ஏர் ஃபில்டர். தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடும் லோரிக்கு, நெடுஞ்சாலை லோரிக்குச் சொன்ன மாற்றும் கணக்கு பொருந்தாது. காற்றடித்துச் சுத்தம் செய்வதானால் உள்ளிருந்து வெளியே, காற்றழுத்தம் 2 பாருக்கு மேல் போகாமல் அடிக்க வேண்டும். பிறகு உள்ளே விளக்கை வைத்துப் பாருங்கள்; ஒரு புள்ளி வெளிச்சம் கசிந்தாலும் அந்த ஃபில்டர் வேண்டாம். அந்த வழியாகப் போகும் செம்மண் டர்போ இறக்கையையும் பிஸ்டன் ரிங்கையும் தின்றுவிடும்.

அடுத்து டர்போவிலிருந்து, சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்ட் வரையுள்ள ஹோஸ்கள். கிளிப் ஓரத்தில் எண்ணெய்ப் பசையோடு தூசி அப்பியிருந்தால் அங்கே காற்று கசிகிறது. சோப்பு நீர் பூசினால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

பழுதுக்குப் பின் அதிகம் தவறுவது ஒரு சின்னக் குழாயில். மெக்கானிக்கல் பம்ப் உள்ள டர்போ என்ஜின்கள் பலவற்றில், மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தைப் பம்பின் தலையிலுள்ள சவ்வுக்குக் கொண்டுபோகும் மெல்லிய குழாய் ஒன்று உண்டு. டர்போ அழுத்தம் ஏறும்வரை டீசலைக் குறைத்துப் பிடிப்பது இந்த அமைப்பின் வேலை. பம்பைத் திரும்பப் பூட்டும்போது குழாய் விடுபட்டாலோ சவ்வு கிழிந்திருந்தாலோ புகை வராது, ஆனால் இழுவை செத்துவிடும். காரணம் தேடாமல், பம்ப் அனுப்பும் டீசலின் உச்ச அளவை வைக்கும் முழு டீசல் ஸ்குருவைத் திருகிவிட்டால் இழுவை ஓரளவு வரும், கூடவே கரும்புகையும் வரும். அந்த ஸ்குருவுக்கு முத்திரை வைத்திருப்பது காரணமாகத்தான். சோதனைக்கு முன் குறைத்து, பின் மறுபடி ஏற்றும் வழக்கத்தை நாம் விட வேண்டும்; அந்தக் கரியை மூச்சில் இழுப்பது தோட்டத்து வீடுகளும் பள்ளிப் பிள்ளைகளும்தான்.

நோசல் புதிதானாலும் சோதனைப் பம்பில் வைத்துப் பார்த்தே பூட்ட வேண்டும். தயாரிப்பாளர் சொன்ன திறப்பு அழுத்தத்துக்கு 20 பார் குறைவாக 10 நொடி பிடித்தால் நுனியில் ஒரு சொட்டும் விழக் கூடாது. பழைய செம்பு வாஷர் துளைக்குள் ஒட்டிக்கொண்டிருக்க, மேலேயே புதிதும் விழுந்தால் நோசல் நுனி உள்ளே போக வேண்டிய ஆழத்துக்குப் போகாது. டீசல் பிஸ்டன் குழியில் தப்பான இடத்தில் பட்டுப் புகையும். பம்ப் டைமிங் பிந்தினாலும் இதே கதைதான்: எரிய நேரம் போதாது.

2019இல் நம் எண்ணெய் நிலையங்களுக்குப் பத்து சதவீதம் செம்பனை டீசல் கலந்த பி10 வந்தது. அதில் ஆக்சிஜன் இருப்பதால் கரி சற்றுக் குறையும். ஆனால் அது பழைய டேங்கின் அடிக்கசடைக் கரைத்துக் கொண்டுவரும், ஈரத்தையும் இழுக்கும். நாள்கணக்கில் பட்டறையில் நின்ற லோரி என்றால் நீர் பிரிப்பானை வடித்து, டீசல் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்.

புகையின் நிறமும் பேசும். நீலம் என்றால் என்ஜின் எண்ணெய் எரிகிறது. அளவுக் கம்பியில் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெள்ளை, என்ஜின் சூடான பிறகும் நிற்கவில்லை என்றால் எரியாத டீசல் அல்லது கேஸ்கெட் வழியாக வரும் தண்ணீர்.

எல்லாம் சரியானபின் சுமையேற்றி ஓட்ட வேண்டும். பழைய பழுது காலத்துக் கரி சைலன்சரில் படலமாக ஒட்டியிருக்கும். சும்மா உறுமவிட்டால் அது கழலாது. நல்ல சூட்டில், சுமையோடு ஏற்றத்தில் ஓடினால்தான் எரிந்தும் பறந்தும் போகும். புது ரிங் போட்டிருந்தால் அது சிலிண்டரில் பதியவும் சுமை வேண்டும். சோதனை நாளன்று வரிசையில் என்ஜினை நெடுநேரம் சும்மா ஓடவிட்டால் சிலிண்டர் ஆறிக் கரி மறுபடி சேரும். முறை வருவதற்குச் சற்று முன் ஒரு சுற்று ஓட்டிச் சூடேற்றி, திறந்த இடத்தில் நான்கைந்து தடவை முழுதாக மிதித்து விடுங்கள்.

பட்டறையில் புகைமானி இருந்தால் தொடர்ந்து பல தடவை அளந்து எண்களை வரிசையாக எழுதுங்கள். 70, 58, 49 என்று இறங்கிக்கொண்டே போனால் குழாயில் கரிதான். இன்னும் ஓட்டினால் போதும். 65, 66, 65 என்று அசையாமல் நின்றால் காற்றோ டீசலோ இன்னும் சரியாகவில்லை. ஏர் ஃபில்டரிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.