அலைபேசிப் படத்தைக் காட்டிச் சாயம் கேட்காதீர்கள்

திருப்பூரில் பின்னலாடைத் துணிகளுக்குச் சாயமேற்றும் பட்டறை ஒன்றின் ஆய்வகத்தில் நிறம் பொருத்துவது என் வேலை. சொந்தமாக ஆடை தயாரித்து இணையத்தில் விற்கும் புதியவர்கள் இப்போது எங்களிடம் நிறைய வருகிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அவர்களில் பலர் மாதிரி என்று நீட்டுவது வாட்ஸ்அப்பில் வந்த ஒரு படத்தை. சென்ற வாரமும் ஒருவர் மயில் கழுத்து நிறப் பட்டுச் சேலையின் படத்தை அனுப்பி, பருத்தி சிங்கிள் ஜெர்சியில் (டி-ஷர்ட்டுக்கான மெல்லிய பின்னல் துணி) அதே நிறம் வேண்டும் என்றார். லேப் டிப்பையும் (ஒப்புதலுக்காக ஆய்வகத்தில் சாயமேற்றிய சிறு துண்டு) படமெடுத்து அனுப்பச் சொல்லி, படத்தைப் பார்த்தே ஒப்புதல் அளித்தார். பல்க் (மொத்தத் துணிக்கும் சாயமேற்றுவது) முடிந்து துணி கைக்கு வந்த பிறகு, "நான் பார்த்த நிறம் இதில்லையே" என்கிறார்.

எங்கே பார்த்த நிறம் என்பதுதான் என் கேள்வி. அவருடைய அலைபேசியில் அந்தச் சேலை நீலம் தூக்கலாகத் தெரிந்தது; என்னுடையதில் பச்சை தூக்கலாகத் தெரிந்தது. படமெடுக்கும்போதே கேமரா தானாக வெண்மையைச் சரிசெய்கிறது. அறையில் மஞ்சள் விளக்கு எரிந்தால் ஒரு நிறம், ஜன்னலோரம் என்றால் வேறு நிறம். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்குகிறது. பார்ப்பவர் திரையின் பிரகாசத்தைக் கூட்டியிருக்கலாம், கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று மஞ்சள் சாயலை இயக்கியிருக்கலாம். இவை எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாலும், திரை தானே ஒளியை உமிழ்கிறது, துணியோ தன் மீது விழும் ஒளியைத்தான் திருப்பித் தருகிறது என்ற வேறுபாடு மாறப்போவதில்லை. அடர்ந்த டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) போன்ற சில நிறங்களைச் சாதாரணத் திரைகளால் முழுமையாகக் காட்டவே இயலாது. போதாக்குறைக்கு, மயில் கழுத்துப் பட்டில் நீளவாக்கில் ஓடும் பாவு ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை வேறு நிறம். அசைக்கும்போது மினுங்கும் அந்த மாற்றத்தை ஒற்றை நிறச் சாயத் தொட்டியில் முக்கியெடுத்த பருத்தியிடம் எதிர்பார்ப்பது எந்த வகையில் நியாயம்?

இனி விளக்கு. பகலில் அச்சாகப் பொருந்திய இரண்டு துணிகள் கடையின் டியூப்லைட்டில் விலகித் தெரிவதை மெட்டாமெரிசம் என்கிறோம். அதனால்தான் லைட் பாக்ஸில் (பலவகை விளக்குகளை மாற்றிப் போட்டு நிறம் பார்க்கும் பெட்டி) பகல் ஒளிக்கான டி65, கடை விளக்குக்கான டிஎல்84 ஆகிய இரண்டிலும் பார்க்கிறோம். எந்த ஒளியில் பொருந்த வேண்டும் என்பதை ஆர்டரிலேயே எழுதிக் கொடுங்கள்.

மாதிரியாகத் துணியையே கொடுங்கள். நான்காக மடித்துப் பார்க்கும் அளவு இருக்கட்டும். துணி இல்லையென்றால் பான்டோன் (உலகெங்கும் பயன்படும் நிறப் பட்டியல்) எண் கொடுங்கள், அதுவும் பருத்தித் துணிக்கான டிசிஎக்ஸ் எண்; காகித அட்டையின் எண் வேண்டாம். லேப் டிப்பைக் கையில் வாங்கி, நன்றாகக் காய்ந்து ஆறிய பிறகு பாருங்கள். ஈரத்துணி எப்போதும் அடர்த்தியாகத்தான் தெரியும். பல்க்குக்கு வரும் அதே நூலில் பின்னிய துணியை லேப் டிப்புக்கும் அனுப்புங்கள். காலர் ரிப்பை (கழுத்துப் பட்டிக்கான இழுபடும் பின்னல் துணி) பின்னர் தருகிறேன் என்று சொல்லாதீர்கள். உடல் துணியுடன் ஒரே பேட்சில் போனால்தான் இரண்டும் ஒத்துப்போகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பருத்திக்கான ரியாக்டிவ் சாயம் பாலியஸ்டரில் ஏறாது. அதற்கு டிஸ்பர்ஸ் சாயமும் 130 டிகிரி வெப்பமும் வேண்டும். நிறம் அளக்கும் கருவியில் டெல்டா இ (மாதிரிக்கும் துணிக்கும் உள்ள நிற வேறுபாட்டின் அளவு) 1க்குள் வந்தால் வணிகத்தில் பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். உங்களுக்கு எவ்வளவு வரை சம்மதம் என்பதைத் துணி தொட்டியில் இறங்கும் முன்பே பேசிக்கொள்ளலாம்.

"கொஞ்சம் கூட்டிக் குறைத்துக் கொடுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறீர்கள். கூட்டுவது ஓரளவு முடியும். குறைப்பதென்றால் ஹைட்ரோஸ் என்ற வேதிப்பொருளைப் போட்டுச் சாயத்தை உரித்து மீண்டும் ஏற்ற வேண்டும். துணி நலியும், செலவும் இரட்டிப்பாகும். மறுபடி போடும் ஒவ்வொரு சாயத்துக்கும் உப்பும் தண்ணீரும் தேவை. சுத்திகரிக்காத கழிவு நொய்யல் ஆற்றில் கலந்ததால் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி எங்கள் ஊர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. இன்று கழிவுநீரில் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்பது விதி; அந்த உப்பு நீரைக் காய்ச்சிப் பிரிக்கும் செலவு யார் தலையிலாவது விழத்தான் செய்யும்.

ஆகவே தயவுசெய்து ஒரு முறை நேரில் வாருங்கள். இயலாவிட்டால் லேப் டிப்பைக் கூரியரில் வாங்கிப் பாருங்கள். பிடித்ததில் கையெழுத்திட்டு இரண்டாக வெட்டி, ஒரு பாதியை எங்களிடம் கொடுத்துவிட்டு மறுபாதியை வெளிச்சம் படாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள். பல்க் துணி வந்ததும் அதனோடுதான் ஒப்பிட வேண்டும்.