மேல்துணி குடிக்காது, வழிதான் விடும்

மறுபடியும் அதே புகார். பெரியவருக்குப் போட்ட டயப்பர் "உறிஞ்சவே இல்லை, எல்லாம் தொடை வழியாக ஓடிவிட்டது" என்கிறார்கள். திரும்பி வந்ததைப் பிரித்தால் உள்மெத்தை பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கிறது. மேல்துணியில் விரல் வைத்தால் தேங்காய் எண்ணெய் பிசுபிசுக்கிறது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த்திலிருந்து வந்தாலும் பீனிக்ஸிலிருந்து வந்தாலும் பழி டயப்பர் மேல்தான்.

உடம்பைத் தொடும் அந்த வெள்ளை மேல்துணி பருத்தி என்று நினைத்திருந்தால், அந்த எண்ணத்தை இன்றோடு விடுங்கள். பெரும்பாலும் அது பாலிபுரோப்பிலீன். இழைகளை நெய்யாமல், சூட்டில் புள்ளி புள்ளியாக ஒட்டிய ஸ்பன்பாண்ட். சதுர மீட்டருக்கு 12 முதல் 18 கிராம்தான் இருக்கும். சாக்குப்பையும் கயிறும் செய்கிற அதே பிளாஸ்டிக். வெறுமனே விட்டால் தண்ணீர் அதன்மேல் முத்தாக உருண்டு ஓடும். ஆலையில் ஈரம் ஈர்க்கும் பூச்சு ஒன்றைப் பூசுவதால்தான் அது நீருக்கு இணங்குகிறது. சோப்பு வேலை செய்கிற அதே தத்துவம். 15 கிராம் துணியில் அரை சதவீதம் பூச்சு என்று கொண்டால் சதுர மீட்டருக்கு 0.075 கிராம். ஒரு டயப்பரின் மேல்துணி சுமார் 0.05 சதுர மீட்டர் என்றால் அதில் இருப்பது நாலு மில்லிகிராம் கூட இல்லை. நீங்கள் தேய்க்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் நாலரை கிராம். ஆயிரம் மடங்குக்கும் மேல். எது ஜெயிக்கும்?

இன்னொன்றை எத்தனை முறை சொன்னாலும் யாரும் கேட்பதாக இல்லை. மேல்துணியின் வேலை உறிஞ்சுவது அல்ல. ஈரத்தை நொடியில் கீழே விட்டுவிட்டுத் தான் காய்ந்து நிற்பதுதான் அதன் வேலை. அதற்கு அடியில் ஈரத்தைப் பரப்பும் அடுக்கு; அதற்கும் அடியில் மரக்கூழும், ஜெல்லாக உப்பும் தூளும். பிடித்து வைப்பது அவைதான். "பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்கிறது, நிறைய குடிக்கும்" என்று மேல்துணியைத் தடவிப் பார்த்து வாங்குகிறவர்களே, மேல்துணியே குடித்து வைத்துக்கொண்டால் அந்த ஈரம் இரவு முழுக்கத் தோலோடுதான் கிடக்கும். கால் ஓரத்து மடிப்பில் இருப்பதும் பார்க்க அதே மாதிரித் துணிதான். ஆனால் அது வேண்டுமென்றே பூச்சில்லாமல் விட்டது, ஈரத்தைத் தடுக்க. மடிப்பை உள்ளே மடங்கவிடாமல் விரலால் வெளியே நிமிர்த்துங்கள்.

அப்புறம் அந்தச் சமையலறைச் சோதனை: ஒரு தம்ளர் குழாய்த் தண்ணீரை ஊற்றி "அடேயப்பா" என்பது. உப்பில்லாத தண்ணீரில் அந்தத் தூள் பல மடங்கு அதிகமாக உப்பும். சிறுநீரில் உப்பு உண்டு. சோதித்தே ஆகவேண்டுமென்றால் ஒரு லிட்டருக்கு 9 கிராம் உப்பு கரைத்து, 5 மில்லியை ஒரே இடத்தில் விட்டு, மேலே ஈரம் மறையும் நேரத்தைப் பாருங்கள். ஒரு நிமிடம் கழித்து அதே இடத்தில் இரண்டாவது, பிறகு மூன்றாவது. நல்ல துணியில் முதல் முறை இரண்டு மூன்று நொடி ஆகும். மட்டமான பூச்சு முதல் ஈரத்திலேயே கரைந்துபோகும். அது மூன்றாவது முறையில்தான் அகப்படும். முதல் சொட்டை மட்டும் காட்டி விற்கிறவரை நம்பாதீர்கள்.

எண்ணெய் வேண்டுமானால் குளிக்குமுன் தேய்த்துக் கழுவிவிடுங்கள். தோல் சிவந்திருந்தால் துத்தநாகக் களிம்பைத் தோல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாகப் பூசி, சற்றுப் பொறுத்து டயப்பர் கட்டுங்கள். வாசலினை அப்பாதீர்கள். பவுடரைக் கொட்டாதீர்கள். ஒரு பேடின் மேல் இன்னொன்றை வைக்காதீர்கள். மேலுள்ளதன் அடியில் பிளாஸ்டிக் இருக்கிறது, கீழுள்ளதற்கு ஒரு சொட்டும் போகாது. துவைத்துக் கட்டும் துணி நாப்பிக்குத் துணி மென்மையாக்கியும் வேண்டாம், அதுவும் ஈரத்தைத் தள்ளும். தென்னாப்பிரிக்காவில் 2019 ஏப்ரல் 1 முதல் மாதவிடாய்ப் பேடுக்கு வாட் வரி இல்லை, குழந்தை டயப்பருக்கு இன்னும் 15 சதவீதம். விலை கடிக்கிறது, தெரியும். அதற்காக நனைந்ததைக் காயவைத்து மறுபடி கட்டாதீர்கள், தயவுசெய்து.

சிறிய அளவில் பேடு தைக்கும் குழுக்களுக்கு: பூச்சுள்ள துணிச் சுருளும் பூச்சில்லாத சுருளும் கண்ணுக்கு ஒன்றே. வந்தவுடன் ஒவ்வொரு சுருளிலும் ஒரு துண்டு வெட்டி, அடியில் உறிஞ்சு தாள் வைத்து, நடுவிலும் ஓரத்திலும் உப்புநீர் சொட்டிப் பாருங்கள். சில சுருளில் நடுப்பட்டையில் மட்டுமே பூச்சு இருக்கும். டர்பனில் டிசம்பர் வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் அடுக்கி வைத்தால் பூச்சு இடம் மாறும். பழைய சுருளை முதலில் எடுங்கள்.

புகார் கொடுக்கிறவர்கள் பொட்டலத்தை எறியாதீர்கள். அதில் அச்சடித்த தொகுதி எண் இல்லாமல் எந்தச் சுருளில் கோளாறு என்று யாராலும் தேட முடியாது. என்ன எண்ணெய், என்ன களிம்பு போட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் எழுதி அனுப்புங்கள்.