டிஸ்க் யூசேஜ்: ‘பயன்பாடு’ அல்ல, ‘இட அடைப்பு’

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக் கணக்கர், கணினி மெதுவாகிவிட்டதே என்று தமிழ்க் குறிப்பு ஒன்றைத் தேடிப் படித்தார். ‘வட்டுப் பயன்பாடு 100 சதவீதம் என்று காட்டினால் தேவையற்ற கோப்புகளை நீக்குக’ என்றிருந்தது. கணினியின் உழைப்பைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தார், 100தான். பழைய படங்களையெல்லாம் அழித்தார். எண் அசையவில்லை. எப்படி அசையும்? அங்கே காட்டப்படும் சதவீதம், வட்டு எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதன்று. அந்த நேரத்தில் படிப்பதும் எழுதுவதுமாக எவ்வளவு ஓயாமல் உழைக்கிறது என்பது. பாதி காலியாக இருக்கும் வட்டும் 100 காட்டும்.

வேறு வேறான இரண்டு செய்திகளுக்கு ‘வட்டுப் பயன்பாடு’ என்ற ஒரே முத்திரையைக் குத்தியவருக்குப் படங்கள் போனது தெரியவே தெரியாது.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிஸ்க் என்பது கிரேக்கத்து டிஸ்கோஸ். எறிந்து விளையாடும் தட்டு. நம் விளையாட்டுத் திடலிலும் அது வட்டு எறிதல்தான். எனவே வட்டு பொருத்தமே. (எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகைச் சேமிப்பகத்தில் சுழலும் வட்டு ஏதுமில்லை, சில்லுகள்தாம் உள்ளன என்பது உண்மை. ஆங்கிலத்தாரே டிஸ்க் என்ற பேச்சை விடாதபோது நமக்கென்ன அவசரம்?) யூசேஜ் லத்தீன் வேரில் முளைத்துப் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கோளாறு இந்தப் பாதியில்தான்.

பயன் என்றால் நன்மை, விளைவு. குறளின் 20ஆம் அதிகாரத்துக்குப் ‘பயனில சொல்லாமை’ என்று பெயர். பயன்படு என்ற வினையிலிருந்து பயன்பாடு. சரி, வட்டில் நிறைந்து கிடப்பவை எவை? நிரல்கள் விட்டுப்போன தற்காலிகக் கோப்புகள், அழித்தும் குப்பைத்தொட்டியை விட்டு நீங்காதவை, விண்டோஸை மேம்படுத்திய பின் தங்கிவிடும் ‘விண்டோஸ்.ஓல்டு’ கோப்புறை. பயனே இல்லாதவற்றைத் தேடிப் பிடிப்பதற்காகத்தான் இந்தக் கணக்கையே பார்க்கிறோம். அதற்குப் பயன்பாடு என்று பெயர் வைப்பது நகைப்புக்குரியது.

போதாக்குறைக்கு, செயலியையும் சிலர் பயன்பாடு என்றே எழுதுகிறார்கள். ஆகவே ‘பயன்பாடுகளின் வட்டுப் பயன்பாடு’ என்றொரு வரியைப் படித்துத் தலையைச் சொறிய வேண்டியிருக்கிறது.

சேலம் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் குழப்பம் வரவே கூடாது. மேட்டூர் அணைச் செய்தியை நாளிதழில் படித்து வளர்ந்தவர்கள் நாம். முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி.; அதற்கப்பால் நீர் இருப்பு ஓர் எண், வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, எத்தனை வெளியேறுகிறது என்பவை வேறு எண்கள். இருப்பையும் வரத்தையும் ‘அணைப் பயன்பாடு’ என்று ஒரே சொல்லில் அடக்கி எந்த நிருபராவது செய்தி கொடுத்தால் டெல்டாவில் கலவரமே வந்துவிடும். டாஸ்க் மேனேஜரின் 100, வரத்தும் வெளியேற்றமும் பற்றியது. கணக்கருக்கு வேண்டியிருந்தது இருப்பு.

மாற்றாக ‘வட்டு நுகர்வு’ என்பாருமுண்டு. நுகர்ந்த மின்சாரம் திரும்பி வராது. கோப்பை அழித்தால் இடம் திரும்பி வருகிறது. நுகர்வு எப்படிச் சரியாகும்? ‘இடப்பிடிப்பு’ என்றொன்றும் கண்ணில் பட்டது. இடம் பிடிப்பது என்றால் ஆள் ஏறுமுன்பே பஸ் சன்னல் வழியாகத் துண்டைப் போடுவது. விண்டோஸ் தன் மேம்பாடுகளுக்காக முன்கூட்டியே சில ஜி.பி. ஒதுக்கி வைத்துக்கொள்கிறதே, அதற்கு வேண்டுமானால் அந்தப் பெயரைக் கொடுக்கலாம்.

நான் எழுதுவது ‘இட அடைப்பு’. ‘இந்தப் பீரோ பாதி அறையை அடைக்கிறது’ என்று எந்த வீட்டிலும் சொல்வார்கள், அகராதி தேவையில்லை. புணர்ச்சிப்படி இடவடைப்பு என்று வரும். கண்ணுக்கு எளிதாக இருக்கட்டும் என்று பிரித்தே எழுதுகிறேன். அடைப்பு என்றால் மாரடைப்பும் சாக்கடையும் நினைவுக்கு வருகின்றன என்று ஒரு நண்பர் முகம் சுளித்தார். ‘இட’ என்ற முன்சொல் எதற்கு இருக்கிறது?

வட்டில் எவ்வளவு இடம் அடைபட்டிருக்கிறது என்ற கேள்விக்கு வயதும் குறைவில்லை. யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தின் 1971ஆம் ஆண்டு முதல் பதிப்பிலேயே அடைப்பைக் கூட்டிச் சொல்ல ‘டியூ’, எஞ்சியதைச் சொல்ல ‘டிஎஃப்’ என்று தனித்தனிக் கட்டளைகள் இருந்தன. 1990இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 14 பேர் பகிர்ந்துகொண்ட 80 எம்.பி. வட்டு நிறைந்துபோனபோது, எது இடத்தை அடைக்கிறது என்று ஒரே பார்வையில் காணத்தான் அங்கிருந்த கணினி ஆய்வாளர் பென் ஷ்னைடர்மேன் பெரிய கோப்புக்குப் பெரிய கட்டம், சிறியதற்குச் சிறிய கட்டம் என்று வரைந்து காட்டும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று வட்டின் இட அடைப்பைக் காட்டும் வின்டிர்ஸ்டாட் என்ற நிரலில் தெரியும் வண்ணக் கட்டங்கள் அந்த வழி வந்தவை. கணக்கர் அதைத் திறந்திருந்தால் படங்களைத் தொட்டிருக்கவே மாட்டார்.

எஞ்சிய இடத்தின், அதாவது ‘ஃப்ரீ ஸ்பேஸ்’ என்பதன் கதை இதைவிட மோசம். ‘இலவச இடம் 12 ஜி.பி.’ என்று எழுதுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய வட்டில் இலவசம் எங்கிருந்து வந்தது? திரையைப் பார்க்காமல் சொற்பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு பெயர்த்தால் இப்படித்தான் முடியும். ‘ஃப்ரீ சாஃப்ட்வேர்’ என்பதற்கான கட்டற்ற மென்பொருள் என்ற நல்ல ஆக்கத்தைப் பார்த்துவிட்டு ‘கட்டற்ற இடம்’ என்பவர்களும் இருக்கிறார்கள். ‘வெற்றிடம்’ என்றால் காற்றில்லாத இடம்; அதுவும் ஆகாது. காலியிடம் போதும். காலி அரபு வழி வந்தது என்று தனித்தமிழ் அன்பர்கள் தடுத்தால் ‘எஞ்சிய இடம்’ என்று எழுதிக்கொள்ளட்டும், அதில் எனக்குச் சண்டையில்லை. அரசு விளம்பரமே ‘காலிப் பணியிடங்கள்’ என்று அச்சிடும் நாட்டில் நான் காலியிடம் என்றே எழுதுவேன்.