இரண்டாவது டம்ளர்

அவள் அந்த வீட்டில் தனியாக இருக்கிறாள். படுக்கப் போகுமுன் தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள். சற்று நேரத்தில் மறுபடி தாகம் எடுத்து எழுந்து வந்து பார்த்தால், மேடையில் இரண்டு டம்ளர்கள் ஈரம் சொட்டக் கவிழ்ந்திருக்கின்றன.

மூன்றே வரி. பேய் இல்லை, கத்தி இல்லை, ஒரு துளி ரத்தம் இல்லை. இதை எழுதி இரண்டு பேரிடம் காட்டினேன். நண்பன் படித்துவிட்டு, "இதை ஏன்டா ராத்திரி நேரத்துல காட்டுற?" என்றான். என் அக்கா படித்துவிட்டு, "சரி, அப்புறம்?" என்றாள்.

திகில் கதைகளைப் பற்றி வாசகர்கள் பேசுவதைக் கேட்டால் எப்போதும் இப்படித்தான் இருக்கும். "மூணு நாள் லைட்டை அணைக்காமத்தான் தூங்கினேன்" என்பார் ஒருவர். அதே புத்தகத்தைப் படித்த இன்னொருவர், "இதுல பயப்பட என்ன இருக்கு?" என்பார். முதலாமவர் பயந்தாங்கொள்ளி, இரண்டாமவர் வீறாப்பு பேசுகிறார் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அது தவறு. இருவருமே தங்கள் உடம்பில் நடந்ததைத்தான் நேர்மையாகச் சொல்கிறார்கள். உடம்புகள்தான் வேறு.

தொல்காப்பியர் இதற்கு வைத்த பெயரே எவ்வளவு பொருத்தம் பாருங்கள்: மெய்ப்பாடு. மனதில் எழுவது மெய்யில் தெரிவது. எட்டு மெய்ப்பாடுகளில் அச்சமும் ஒன்று. அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறார். இன்றைய கதைகளையும் இந்த நான்குக்குள் பெரும்பாலும் அடக்கிவிடலாம்: அமானுஷ்யம், வேட்டையாடும் மிருகம், கொலைகாரன், தன் பிடியில் நம்மை வைத்திருக்கும் அதிகாரம்.

மெய்யில் என்ன நடக்கிறது? பயம் தட்டியதும், ஆபத்துக்கு உடம்பைத் தயார் செய்யும் பரிவு நரம்பு மண்டலம் விழித்துக்கொள்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, கண்ணின் பாவை விரிகிறது, ஒவ்வொரு ரோமத்தின் அடியிலும் இருக்கும் மிகச் சிறிய தசை சுருங்கி ரோமம் சிலிர்க்கிறது. உள்ளங்கையில் வியர்வை கசிகிறது. நமக்கே தெரியாத அளவு கசிவுகூட தோலில் மின்சாரம் பாய்வதை எளிதாக்கும். அதனால் விரல் நுனியில் இரண்டு மின்முனைகளைப் பொருத்தினால் போதும், வாய் என்ன சொன்னாலும் தோல் வேறு கதை சொல்லிவிடும்.

இந்த ஏற்பாட்டையெல்லாம் முடுக்கிவிடுவதில் மூளையின் பக்கவாட்டில், ஆழத்தில், பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலாவுக்குப் பெரிய பங்கு உண்டு. 1990களில் நரம்பியல் அறிஞர் ஜோசப் லெடூ அதற்குப் போகும் இரண்டு வழிகளைப் பற்றி விரிவாக எழுதினார். ஒன்று குறுக்கு வழி. கண்ணும் காதும் அனுப்பும் செய்தி, அது இன்னதென்று மூளையின் வெளி அடுக்கான புறணி அலசி முடிக்கும் முன்பே அமிக்டலாவை எட்டிவிடும். மற்றது சுற்று வழி. புறணி நிதானமாக அலசி, அர்த்தம் கண்டுபிடித்து, அப்புறம் சொல்லியனுப்பும். (அமிக்டலாவைப் 'பய மையம்' என்று எழுதுவதை லெடூவே பின்னாளில் மறுத்தார். அது ஆபத்தைக் கண்டு உடம்பைத் தயார்ப்படுத்துகிறது, 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்ற உணர்வு அதற்கு மேலே உருவாகிறது என்பது அவர் வாதம்.)

சினிமாவுக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. திரையில் திடீரென்று ஒரு முகம் பாய்ந்து வந்து, கூடவே ஓர் அலறல் கேட்டால், ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் கண் இமை மூடத் தொடங்கிவிடும். யோசிக்கவே நேரமில்லை. புத்தகத்தால் இதைச் செய்யவே முடியாது. தாளில் அச்சான எந்தச் சொல்லும் பாய்ந்து வராது. 'டம்ளர்' என்ற நான்கு எழுத்துக்கு நம் இமை துடிக்காது. எழுத்தைக் கண் பொறுக்க வேண்டும், மூளை அதைச் சொல்லாக்க வேண்டும், சொல்லிலிருந்து ஒரு காட்சி எழ வேண்டும், அந்தக் காட்சியைப் பார்த்துத்தான் உடம்பு மிரள வேண்டும். அந்தக் காட்சியை எழுத்தாளர் தருவதில்லை. மேடை எந்த நிறம், வெளிச்சம் எங்கிருந்து வந்தது, அந்த நேரத்தில் அவளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று நான் எழுதவே இல்லை. என் நண்பன் தன் வீட்டுச் சமையலறையைப் போட்டு நிரப்பிக்கொண்டான்.

நிரப்ப முடியாதவர்களுக்கு என்ன ஆகும்?

கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஆப்பிளை நினைத்துப் பாருங்கள் என்றால், பலருக்கு மங்கலாகவோ தெளிவாகவோ ஓர் ஆப்பிள் தெரியும். சிலருக்கு ஒன்றுமே தெரியாது. ஆப்பிள் என்றால் என்ன என்று தெரியும், படம் மட்டும் வராது. இதற்கு அஃபான்டேசியா என்று 2015ல் பெயர் வைத்தவர் இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் நரம்பியல் அறிஞர் ஆடம் சீமன். நூறு பேரில் ஒருவரிலிருந்து நான்கு பேர் வரை இப்படி இருக்கலாம் என்கிறார்கள். இது நோய் அல்ல. தங்களுக்கு இப்படி என்பது தெரியாமலே வாழ்நாளைக் கழித்தவர்கள் உண்டு. 'மனக்கண்' என்று மற்றவர்கள் சொல்வதைச் சும்மா ஓர் உவமை என்று நினைத்துக்கொண்டே இருந்திருப்பார்கள்.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜோயல் பியர்சனின் குழு இவர்களை வைத்துச் செய்த சோதனை 2021ல் வெளியானது. என்னைப் பொறுத்தவரை திகில் வாசிப்பைப் பற்றி வந்த ஆய்வுகளிலேயே அழகானது அதுதான். மனக்காட்சி இல்லாத 22 பேர், இருக்கிற 24 பேர். ஒவ்வொருவரையும் இருட்டறையில் தனியாக உட்காரவைத்து, விரல்களில் மின்முனைகளைப் பொருத்தி, எதிரே உள்ள திரையில் ஒரு கதையை வரிவரியாகக் காட்டினார்கள். நீங்கள் கடலில் குளித்துக்கொண்டிருக்கிறீர்கள். கரையில் நிற்பவர்கள் எதையோ சுட்டிக்காட்டுகிறார்கள். தூரத்து அலையில் கறுப்பாக ஏதோ ஒன்று மின்னி மறைகிறது. இப்படிப் போகும் கதை. சுறா என்று சட்டென்று சொல்லிவிடாமல், கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவது.

மனக்காட்சி உள்ளவர்களின் தோல் மின்கடத்தல், வரி போகப் போக ஏறிக்கொண்டே போனது. மற்றவர்களுக்குக் கோடு ஏறக்குறைய தட்டையாகவே இருந்தது. அதே வரிகள், அதே இருட்டு, ஆனால் உடம்பு அசையவில்லை.

அவர்கள் இயல்பிலேயே அஞ்சாதவர்களோ என்ற சந்தேகம் வருமல்லவா? குழு அதையும் விடவில்லை. அடுத்து இரு சாராருக்கும் பயங்கரமான புகைப்படங்களைக் காட்டினார்கள். பிணம், பல்லைக் காட்டும் பாம்பு இந்த மாதிரி. இப்போது இரு சாராரின் தோலும் ஒரே மாதிரி எகிறியது. ஆக, அச்சம் இருக்கிறது, எழுத்திலிருந்து அச்சத்துக்குப் போகும் பாலம்தான் இல்லை. "இதுல பயப்பட என்ன இருக்கு?" என்ற கேள்வியை இதற்குப் பிறகு என்னால் அலட்சியமாகக் கேட்க முடியவில்லை.

மனக்காட்சி என்பது இருக்கிறது, இல்லை என்ற இரண்டு நிலை மட்டும் அல்ல. நடுவில் நீண்ட சரிவு இருக்கிறது. மிகத் தெளிவாகக் காண்பவர்களுக்கு அரை வரியே அதிகம்.

சரி, பயம் வந்தவர்களுக்கெல்லாம் கதை பிடிக்கிறதா? இல்லையே. "ஓவரா இருந்துச்சு, பாதியில மூடிட்டேன்" என்பவர்களும் உண்டு. டென்மார்க்கில் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் விளையாட்டாகப் பயப்படுவதை ஆராய்வதற்கென்றே ஓர் ஆய்வகம் நடக்கிறது. அவர்கள் ஒரு செயற்கைப் பேய் வீட்டுக்குள் போன 110 பேருக்கு இதயத் துடிப்புமானி கட்டி அனுப்பினார்கள். 2020ல் வந்த முடிவைப் படமாக வரைந்தால் கவிழ்த்துப் போட்ட கிண்ணம் மாதிரி இருக்கும். பயம் குறைவாக இருந்தாலும் ரசனை குறைவு, கூடிப்போனாலும் குறைவு, நடுவில் ஓரிடத்தில் உச்சம். வாசகர்களின் பாதிச் சண்டை இந்தக் கிண்ணத்தின் இரண்டு சரிவுகளில் நின்றுகொண்டு போடுவதுதான். ஒருவருடைய உச்சம் அடுத்தவருக்கு அடிவாரம்.

அதே குழுவின் 2019 ஆய்வு ஒன்று எனக்கு இன்னும் பிடித்தது. பேய் வீட்டுக்கு வந்த 280 பேரில் சிலர் பயத்தைக் கூட்டிக்கொள்ளவும், சிலர் அடக்கிக்கொள்ளவும் முடிவெடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். வெளியே வந்தபோது இரு தரப்புக்கும் திருப்தி ஒரே அளவு. நிறைய பயந்தால்தான் நல்ல ரசிகர் என்பது பொய். பட்டப்பகலில், ஆட்கள் நடமாடும் அறையில் மட்டும் திகில் கதை படிப்பவரும், நள்ளிரவில் வேண்டுமென்றே விளக்கைக் குறைத்துப் படிப்பவரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள்: தங்கள் உச்சத்தைத் தேடிக் குமிழைத் திருகுகிறார்கள். புத்தகம் அந்தக் குமிழை முழுக்க நம் கையில் கொடுக்கிறது. நிறுத்தலாம், தாண்டலாம், கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கலாம்.

ரத்தம், சதை, அழுகல் என்று பக்கம் பக்கமாக எழுதும் கதைகள் வேறு ரகம். அங்கே வேலை செய்வது பெரும்பாலும் அச்சம் இல்லை, அருவருப்பு. தொல்காப்பியர் இதையும் தனியாகப் பிரித்து இளிவரல் என்று வேறு கட்டத்தில் வைத்தார். அச்சம் ஓடு என்கிறது, அருவருப்பு தள்ளு, துப்பு என்கிறது. இதயமும் விரைவதற்குப் பதில் பலருக்குச் சற்று மந்தமாகும், வயிறு புரளும். வயிற்றில் புளியைக் கரைக்கும் கதையைத் தேடிப் போனவருக்கு வயிற்றைக் குமட்டும் கதை கிடைத்தால் கோபப்படத்தான் செய்வார்.

முடிவு சொதப்பிவிட்டது என்று த்ரில்லர் வாசகர்கள் கொந்தளிப்பதற்கும் உடம்பில் காரணம் இருக்கிறது. கிளர்ந்த உடம்பு உடனே அடங்காது, ரத்தத்தில் கலந்த அட்ரினலின் கரைய நேரம் பிடிக்கும். இந்த எச்சம் அடுத்து வரும் உணர்ச்சியின் மேல் ஏறிக்கொள்ளும் என்று 1970களில் விளக்கியவர் ஊடக உளவியல் அறிஞர் டால்ஃப் சில்மன். நாயகி தப்பித்தால் வரும் நிம்மதி, சாதாரண நிம்மதியைவிடப் பல மடங்கு இனிப்பது இதனால்தான். இதன் மறுபக்கத்தையும் நாம் யோசிக்கலாம். நானூறு பக்கம் முறுக்கேற்றிவிட்டு, 'எல்லாம் கனவு' என்று முடித்தால், ஏறிய கிளர்ச்சி எல்லாம் எரிச்சலின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். நல்ல கதைக்கு மோசமான முடிவு வந்தால், மோசமான கதையைவிட அதிகத் திட்டு விழுவது இதனால்தான் என்பது என் எண்ணம்.

முடிவைச் சொல்லிவிட்டால் எல்லாம் போயிற்று என்று நாம் நம்புகிறோம். 2011ல் கலிபோர்னியாவின் சான் டியாகோவில் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தபோது, முடிவு முன்பே தெரிந்தவர்கள் சற்றுக் கூடுதலாகவே ரசித்தார்கள். 2015ல் வேறு ஆய்வாளர்கள் பார்த்தபோது எதிர்மாறாக வந்தது. ஸ்பாய்லர் விஷயத்தில் இன்னும் யாரும் அடித்துப் பேச முடியாது.

வாசகர் கருத்துகளையே எடுத்து ஆராய்ந்தவர்களும் இருக்கிறார்கள். 2010ல் அமெரிக்காவின் அமாண்டா விகாரி, கிறிஸ் ஃப்ரேலி இருவரும் உண்மைக் குற்றங்களைப் பற்றிய புத்தகங்களுக்கு இணையக் கடையில் வந்த விமர்சனங்களை எண்ணினார்கள். எழுதியவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். போர் பற்றிய புத்தகங்களுக்கு எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். பிறகு, பாதிக்கப்பட்ட பெண் தந்திரமாகத் தப்பித்தது பற்றிய குறிப்பு உள்ள புத்தகம், இல்லாத புத்தகம் என்று தேர்வு கொடுத்தபோது, பெண்கள் அந்தக் குறிப்பு உள்ளதை நோக்கிக் கூடுதலாகச் சாய்ந்தார்கள். இருட்டை ரசிப்பதாகத் தோன்றும் பலர், வாசல் எங்கே என்று பார்த்து வைத்துக்கொள்கிறார்கள். "பொம்பளைங்க ஏன் இந்தக் கொலைக் கதையெல்லாம் படிக்கிறீங்க?" என்று கேட்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

அக்காவிடம் அந்த ஆப்பிள் கேள்வியைக் கேட்டேன். கண்ணை மூடினாள். வெகுநேரம் கழித்து, "ஒண்ணும் வரலடா. உங்களுக்கெல்லாம் நெஜமாவே தெரியுதா?" என்றாள்.

ஆனால் அவள் திகில் கதைகளை விடாமல் படிப்பவள். அப்படியானால் எதற்காக என்று கேட்டேன். யோசித்துவிட்டு, யார் பொய் சொல்றாங்கன்னு கண்டுபிடிக்கிறதுக்கு என்றாள். டம்ளர் கதையை மறுபடி வாங்கிப் படித்தாள்.

"அவ தனியா இருக்கான்னு யாரு சொன்னது? அவளா, நீயா?"

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.