கூட்டத்தோடு கூட்டமாக: டோர் பிரவுசர் எப்படி மறைக்கிறது?

பிரவுசரின் ரகசிய ஜன்னலான இன்காக்னிட்டோவில் தேடினால் யாருக்கும் தெரியாது என்று என் தம்பி ரொம்ப நாளாக நம்பிக்கொண்டிருந்தான். தெரியாதுதான், அதே லேப்டாப்பை அப்புறம் திறக்கும் அக்காவுக்கு. ஆனால் வீட்டுக்கு இணைய இணைப்பு கொடுக்கும் நிறுவனத்துக்கு அவன் எந்தத் தளத்துக்குப் போனான் என்று தெரியும். போன தளத்துக்கு அவனுடைய ஐபி முகவரி, அதாவது இணைய இணைப்பின் அடையாள எண், தெரியும். இன்காக்னிட்டோ அழிப்பது நம் கருவியில் பதியும் தடத்தை மட்டும்தான்.

"அப்போ விபிஎன் போட்டுக்கிறேன்" என்றான். நம் போக்குவரத்தையெல்லாம் தன் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை அது. போடலாம். இணைப்பு நிறுவனத்தின் கண்ணில் படாமல் போனதெல்லாம் இப்போது விபிஎன் நிறுவனத்தின் கண்ணில் படும், அவ்வளவுதான். வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022இல் இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் விபிஎன் நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. பிடிக்காத சில நிறுவனங்கள் இந்தியாவில் வைத்திருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு கிளம்பின.

யார் போகிறார், எங்கே போகிறார் என்ற இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிவதுதான் சிக்கல். இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்துக்காரர்கள். பால் சைவர்சன், மைக்கேல் ரீட், டேவிட் கோல்ட்ஷ்லாக் என்ற மூவர் 1990களின் நடுவில் உருவாக்கிய 'வெங்காய வழி' அது. அதை வைத்து ரோஜர் டிங்கிள்டைனும் நிக் மாத்யூசனும் சைவர்சனோடு சேர்ந்து எழுதியதுதான் டோர். வலைப்பின்னல் 2002இல் ஓடத் தொடங்கியது.

ராணுவத்துக்காகச் செய்ததை ஏன் ஊருக்கெல்லாம் கொடுத்தார்கள்? கடற்படைக்காரர்கள் மட்டும் பயன்படுத்தினால், டோரிலிருந்து வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் கடற்படைக்காரர்தான் என்று ஆகிவிடும். மறைந்து நிற்க ஒரு கூட்டம் வேண்டும். நோயைப் பற்றித் தேடுகிறவர், பத்திரிகையாளர், சும்மா போகிறவர் எல்லாரும் கலந்த திருவிழாக் கூட்டம்.

வேலை செய்யும் விதம் இதுதான். தன்னார்வலர்கள் நடத்தும் சில ஆயிரம் இடைநிலைக் கணினிகளின் பட்டியலை பிரவுசர் முதலில் வாங்கிக்கொள்கிறது. அதிலிருந்து மூன்றைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றோடும் தனித்தனியாக ஒரு ரகசியச் சாவியைப் பேசி வைத்துக்கொள்கிறது. அனுப்ப வேண்டிய செய்தியை முதலில் மூன்றாவது கணினியின் சாவியால் பூட்டுகிறது. அதன்மேல் இரண்டாவதன் சாவி, அதற்கும் மேல் முதலாவதன் சாவி. கவருக்குள் கவர், அதற்குள் இன்னொரு கவர். முதல் கணினி தன் தோலை உரித்தால் உள்ளே தெரிவது இரண்டாவதன் முகவரி மட்டும். அனுப்பியது நீங்கள் என்று அதற்குத் தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே தெரியாது. கடைசித் தோலை உரிக்கும் மூன்றாவதுக்குத் தளம் தெரியும், ஆள் தெரியாது. எல்லாத் துண்டுகளும் ஒரே அளவில், 500 சொச்சம் பைட்டாகப் போவதால், பொதியின் பருமனை வைத்தும் பின்தொடர முடியாது.

ஒரு விஷயம் எனக்கே முதலில் விசித்திரமாகப் பட்டது. நடுக் கணினியும் கடைசிக் கணினியும் மாறிக்கொண்டே இருக்கும். முதல் கணினி மட்டும் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். அதையும் மாற்றினால் இன்னும் நல்லதுதானே? இல்லை. முதலும் கடைசியும் ஒரே எதிரியின் கையில் சிக்கினால், இந்தப் பக்கம் நுழைந்த நேரத்தையும் அந்தப் பக்கம் வெளியேறிய நேரத்தையும் ஒப்பிட்டு அவன் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். முதல் கணினியைத் தினமும் மாற்றுவது தினமும் ஒரு லாட்டரிச் சீட்டு வாங்குவது போல. என்றாவது ஒருநாள் எதிரிக்குப் பரிசு விழும்.

கடைசிக் கணினியிலும் கவனம் வேண்டும். டோரின் பூட்டு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் காப்பது, தளமே போடும் எச்டிடிபிஎஸ் போன்ற பூட்டுகள்தான். 2007இல் சுவீடனைச் சேர்ந்த டான் எகர்ஸ்டாட் இப்படி ஐந்து கடைசிக் கணினிகளை நடத்தி, அவற்றின் வழியாகப் போனதைப் படித்துப் பார்த்தார். பூட்டில்லாமல் போன தூதரக மின்னஞ்சல் கடவுச்சொற்கள் வந்து விழுந்தன. சுமார் நூறு கணக்குகளை வெளியிட்டார். அதில் இந்தியத் தூதரகக் கணக்குகளும் இருந்தன.

நிறுவுவது பெரிய வேலை இல்லை. டோர்ப்ராஜெக்ட் டாட் ஆர்க் என்ற அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய லிங்க் வேண்டாம், உளவு நிரல் சேர்த்த போலி டோர்கள் உலவியிருக்கின்றன. இறக்கியது அசல்தானா என்று, கூடவே கிடைக்கும் கையொப்பக் கோப்பை வைத்துச் சரிபார்த்துக்கொண்டால் நிம்மதி. ஆண்ட்ராய்டுக்குத் தனிப் பதிப்பு உண்டு. திறந்ததும் 'கனெக்ட்' பொத்தானை அழுத்தினால் போதும். டோரைத் தடுத்திருக்கும் நாடுகளில் இருப்பவர்கள் அமைப்புகளில் 'பிரிட்ஜ்' என்ற, பொதுப் பட்டியலில் இல்லாத நுழைவாயிலைத் தேர்ந்தெடுக்கலாம். அதில் ஸ்னோஃப்ளேக் என்ற வகை, டோர் போக்குவரத்தை வீடியோ அழைப்பு போலத் தோன்ற வைக்கிறது.

திறந்தவுடன் பெரிய திரை வேண்டுமென்று ஜன்னலை இழுத்துப் பெரிதாக்குவோம். பக்கத்தைச் சுற்றி ஒரு வெற்று ஓரம் வரும். பழுது இல்லை அது. உங்கள் ஜன்னல் 1366க்கு 683 பிக்சல் என்று தளத்துக்குத் தெரிந்தால், அந்த அளவே உங்களுக்கு அடையாளம். அதனால் அகலத்தை 200இன் மடங்காகவும் உயரத்தை 100இன் மடங்காகவும் வெட்டி, பலருக்கும் பொதுவான ஓர் அளவையே காட்டுகிறது. எல்லார் கணினிக்கும் ஒரே நேர மண்டலத்தைத்தான் சொல்கிறது. பள்ளிச் சீருடை மாதிரி. இதில் போய் விளம்பரத் தடுப்பான், தமிழ் தட்டச்சு என்று ஆசையாக நீட்சிகளை (எக்ஸ்டென்ஷன்) சேர்த்தால், சீருடைக்கு மேல் சிவப்புத் தொப்பி போட்டுக்கொண்ட கதைதான்.

இன்னும் சில. உங்கள் சொந்த ஃபேஸ்புக் கணக்கில் நுழைந்தால் நீங்கள் யாரென்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். வங்கிக் கணக்கு இதில் வேண்டாம், திடீரென்று ஜெர்மனியிலிருந்து வருவது போலத் தெரிந்து வங்கி கணக்கை முடக்கக்கூடும். இறக்கிய பிடிஎஃப்பை இணையத்தில் இருந்தபடியே வேறு செயலியில் திறந்தால் அது டோரைச் சுற்றிக்கொண்டு வெளியே பேசிவிடலாம். டோரண்ட் இதில் ஓட்டவே கூடாது, உங்கள் உண்மையான ஐபியை அதுவே ஒப்பித்துவிடும். ஒரு வேலை முடிந்து இன்னொன்று தொடங்கும்போது 'புதிய அடையாளம்' பொத்தானை அழுத்துங்கள். வேகம் குறைவுதான், உங்கள் கிளிக் மூன்று நாடுகள் சுற்றி வரலாம்.

இத்தனையும் சரியாக இருந்தும் மாட்டியவர் உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. பரீட்சையைத் தள்ளிப்போட ஒரு மாணவர் டோர் வழியாகத் தற்காலிக மின்னஞ்சலில் அனுப்பியது. டோரின் பூட்டை யாரும் உடைக்கவில்லை. மின்னஞ்சல் டோரிலிருந்து வந்தது என்று தெரிந்ததும், அதற்கு முந்தைய சில மணி நேரத்தில் பல்கலைக்கழகத்தின் சொந்த வைஃபையிலிருந்து டோருக்குப் போனது யார் என்று பதிவேட்டைப் பார்த்தார்கள். உலகம் முழுக்க அன்று டோரில் லட்சக்கணக்கானவர்கள் இருந்திருப்பார்கள். அந்த வளாகத்து வைஃபையில் அவ்வளவு கூட்டம் இல்லை. அன்றிரவே வந்து கேட்டார்கள், மாணவர் ஒப்புக்கொண்டார்.